செவலையின் வலது முன்னங்கால்

மூன்று டிரம்மைச் சுற்றிக் குதிரை ஓட்டுவதற்கு ஒரு போட்டி இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆபீஸில் இன்னும் பாதிப்பேர் நம்புவதில்லை. பேரல் ரேஸ் என்று பெயர். டிரம்களை முக்கோணமாக வைத்திருப்பார்கள். முதல் டிரம்மை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், மற்ற இரண்டையும் இடப்பக்கமாக. முடிந்ததும் வந்த வழியே ஒரே பாய்ச்சல். சீக்கிரம் முடித்தவருக்கு ஜெயம். டிரம் சாய்ந்தால் நேரத்தில் அபராதம்.

போனில் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. டெக்ஸ்டைல் படித்த காலத்தில் கோயம்புத்தூரில் குதிரை ஏறக் கற்றிருந்தேன். குதிரை என் மாமாவிடம் இருந்தது, அம்மாவின் தம்பி. நெருப்பெரிச்சலில் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட், சேவூரில் தென்னந்தோப்போடு ஒரு தோட்டம், அந்தத் தோட்டத்தில் ஒரு செவலைப் பெண்குதிரை. கட்டி வைத்து அழகு பார்க்க வாங்கியது. அதைச் சும்மா நிறுத்தி வைப்பானேன் என்று நான்தான் ஆரம்பித்தேன். டிரம்முக்குத் திருப்பூரில் பஞ்சமா? சாயப்பட்டறையில் காலியான நீல டிரம்களைக் கழுவிக் கொண்டுவந்து, உள்ளே கொஞ்சம் மண் போட்டு நிறுத்தியாயிற்று. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஸ்கூட்டரில் நேராகச் சேவூர். வீட்டில் எனக்குச் சோறு எடுத்து வைப்பதையே அம்மா நிறுத்திவிட்டாள்.

செவலைக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. இதை நான் அடித்துச் சொல்வேன். டிரம்மைக் கண்டாலே காதிரண்டும் முன்னால் வந்துவிடும். தோள் உரசுகிற தூரத்தில் திரும்புவாள், ஆனால் உரச மாட்டாள். அந்த நெருக்கத்தில் என் முழங்கால் டிரம்மில் பட்டுவிடுமோ என்று நான் காலைச் சுருக்கிக்கொள்வேன், அவள் அதற்குள் அடுத்த டிரம்மைப் பார்த்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற ஒரு போட்டிக்கு முதல்முதலாகப் பெயர் கொடுத்தோம். அந்த வாரம்தான் அவள் முதல் டிரம்மில் மக்கர் பண்ண ஆரம்பித்தாள். நேராக வருவாள், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நாலடி தாண்டிப் போய், லாரி திரும்புகிற மாதிரி அகலமாக ஒரு வட்டம் போடுவாள். இடப்பக்கம் திரும்புகிற டிரம்களில் பழையபடி நெருக்கம். வலது மட்டும் ஆகவில்லை.

வேலியோரம் நின்ற மாமா கையைத் தட்டினார். "போதும் அம்மிணி, எறங்கு. அதுக்குப் புடிக்கல."

"புடிக்கலைன்னா எல்லா டிரம்மிலயும் புடிக்கக் கூடாதுங்களே மாமா?"

"ஒண்ணுல ஆரம்பிச்சிருக்குது. நாளைக்கு ரெண்டாவது. நீ ஆபீஸுக்கு மட்டம் போடறதும் அப்பிடித்தானே ஆரம்பிச்சே, மொதல்ல திங்கக்கெழம மட்டும் வவுத்து வலி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவிநாசிப் பக்கத்துக்காரர் ஒருவர், குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுபவர், செவலையை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டதாக மாமா அப்போதுதான் சொன்னார்.

"நேரா ஓடறதுக்கு அதுக்கு ஆசை. வளையறதுக்கு ஆசையில்ல. புடிக்காத வேலைய ஏன் பண்ண வெக்கோணும்? வண்டின்னா நேரா ஓடும். அதுக்கும் சந்தோசம், அவருக்கும் சந்தோசம்."

மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். அவர் நியாயமாகத்தான் யோசித்தார். அவர் யோசனையில் ஒரே ஒரு இடம்தான் தப்பு என்று எனக்குப் பட்டது. செவலைக்குப் பிடிக்காமல் இல்லை, எங்கேயோ வலிக்கிறது. வலப்பக்கம் இறுக்கித் திரும்பும்போது உடம்பின் பாரமெல்லாம் உள்பக்கத்துக் காலில், அதாவது வலது முன்னங்காலில் இறங்கும். நேராக ஓடும்போது பாரம் பங்காகிவிடும், தெரியாது. அந்தக் காலோடு அவளைத் தார் ரோட்டில் வண்டி இழுக்க விட்டால் கால் போயே போய்விடும். சனிக்கிழமைக்குள் காட்டியாக வேண்டும், வெறும் வாயால் சொல்லி ஆகாது.

அடுத்த நாள் சாயங்காலம் ஆராய்ச்சி. குளம்பைத் தூக்கிக் கல் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. லாடம் ஆடவில்லை. சேணத்துக்கு அடியில் முதுகை அழுத்திப் பார்த்தேன், வாலை ஒரு வீசு வீசினாள், அவ்வளவுதான். தோளை நீவினேன், கொட்டாவி விட்டாள். மாமா கயிற்றுக் கட்டிலில் டீயோடு உட்கார்ந்து, "டாக்டரம்மா என்ன சொல்றாங்க?" என்று குதிரையிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மண்ணில் தெரியாதது கெட்டித் தரையில் தெரியும் என்று படித்திருந்தேன். கேட்டிலிருந்து மோட்டார் ரூம்வரைக்கும் சிமெண்டுப் பாதை உண்டு. மாமாவைக் கயிற்றைப் பிடித்து ஓடச் சொன்னேன்.

"நானா?"

"நீங்கதானுங்க. நான் பாக்கோணுமில்ல."

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். செவலை பின்னாலேயே சிறு ஓட்டமாக வந்தாள். டக் டக் டக் டக் என்று ஒரே அளவில் விழ வேண்டிய சத்தத்தில் ஒன்று மட்டும் மெத்தென்று விழுந்தது. அந்தக் கால், வலது முன்னங்கால், விழும்போதெல்லாம் தலை கொஞ்சம் மேலே போனது. வலிக்கிற காலில் பாரம் போடாமலிருக்கக் குதிரை தலையைத் தூக்குமாம். எனக்கு வருத்தமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தது.

"பாத்தீங்களா மாமா! தலைய பாத்தீங்களா!"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் முன்னால ஓடறேன் கண்ணு, எனக்குப் பொறந்தலைல கண்ணா இருக்குது?" என்றார்.

போனில் எடுத்ததைக் காட்டினேன். மெதுவாக ஓடவிட்டும் காட்டினேன். "குதிரைன்னா தலையாட்டத்தான் செய்யும்" என்று முடித்துக்கொண்டார். ஆனால் செவலையின் முன்னங்காலைக் குனிந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கட்டுத்துணிமேல் தண்ணீர் ஊற்றினார்.

கட்டுத்துணியைச் சொல்ல வேண்டும். ஓடி முடித்த குதிரைக்கு முன்னங்கால்களில், முட்டிக்குக் கீழே, துணி சுற்றி விடுவது உண்டு. கடையில் விற்கிறார்கள், ஆனால் திருப்பூர்க்காரி காசு கொடுத்துத் துணி வாங்குவாளா? எங்கள் ஆபீஸில் மாதிரி உடைகள் தைக்கிற சாம்பிள் ரூமில் ஒரு அக்கா, தூத்துக்குடிப் பக்கம், மிஷினில் உட்கார்ந்தால் எதையும் தைத்துவிடுவாள். போட்டிக்குப் பெயர் கொடுத்த சமயத்தில், பனியன் கழுத்துக்கு வைக்கிற மெரூன் ரிப் துணி மிச்சம் கிடந்ததில் நீள நீளமாக வெட்டித் தைத்துக் கொடுத்தாள். வலது காலுக்கு ஓரத்தில் மஞ்சள் நூல், இடது காலுக்கு வெள்ளை நூல், மாறிவிடக் கூடாதென்று. செவலையின் நிறத்துக்கு மெரூன் அப்படிப் பொருந்தியது! மாமா அதைப் படம் பிடித்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். காலுக்குக் குளிர்ச்சியென்று தினமும் சாயங்காலம் அதன்மேலேயே போர் தண்ணீரை ஊற்றிவிடுவது அவர் கண்டுபிடிப்பு. காலையில் பால் கறக்க வருகிறவர் அவிழ்த்துக் கொடியில் போட்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அக்காவிடம் வீடியோவைக் காட்டினேன்.

"ஏட்டி, உங்க மாமா ஓடுத ஓட்டம்லா பிரமாதமா இருக்கு. குதிர எதுக்கு நடுவுல?" என்றாள்.

சனிக்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் சேவூர் போனேன். பால்காரருக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததால் கட்டு அவிழ்க்கும் வேலை எனக்கு வந்தது. இடது கால் சுலபமாகக் கழன்றது. வலது காலில் முடிச்சுக்குள் நகமே போகவில்லை. ஒருவழியாக எடுத்தால், உள்ளே ரோமத்தில் ரிப் துணியின் கோடு கோடாகத் தடம். காலின் பின்பக்கத்து நரம்பின்மேல் ஒரு இடத்தில் தடம் நன்றாக ஆழமாக இருந்தது. புறங்கையை வைத்தேன். சூடு. இடது காலில் வைத்தேன், குளுகுளுவென்று இருந்தது. மறுபடி வலது. சூடேதான். விரலால் லேசாக அமுக்கியதும் செவலை காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இத்தனை நாளாகக் கேட்காத இடத்தை இப்போதுதான் கேட்கிறாயா என்கிற மாதிரி.

ரெண்டு துணியையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். மஞ்சள் நூல் போட்டது ஒரு முழத்துக்குமேல் குட்டையாக இருந்தது. தைத்து வந்த அன்றைக்கு ரெண்டும் ஒரே நீளம், நானே பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

"மாமா! இங்க வாங்க! ஓடி வாங்க!"

பல் துலக்கிக்கொண்டே வந்தார். துணியைக் காட்டினேன். மஞ்சள் ஓரத்தை எடுத்து ரெண்டு விரலுக்கிடையில் தேய்த்தார், நீளவாக்கில் இழுத்தார், அகலவாக்கில் இழுத்தார். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. தன் துணி சுருங்குகிறது என்று யாராவது புகார் சொன்னால் சண்டைக்குப் போகிற மனுஷன்.

"இது காம்பாக்டிங் ஓடாத துணி கண்ணு" என்றார், நுரையோடு.

காம்பாக்டிங் என்பது துணியை ஆவியில் அழுத்தி, நாளைக்குச் சுருங்க வேண்டியதை இன்றைக்கே சுருக்கிவிடுகிற வேலை. அது ஆகாத துணி தண்ணீர் பட்டால் சுருங்கத்தான் செய்யும். வெறுமனே கொடியில் தொங்கினால் குட்டையாகும். காலைச் சுற்றி நனைந்து கிடந்தால்? ராத்திரி முழுக்கக் காய்ந்துகொண்டே இறுக்கியிருக்கிறது, தினம் தினம்.

அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆமாட்டி, ஒரு ரோல் பத்தலேன்னு இன்னொரு ரோல்ல இருந்து வெட்டுனேன். கலர் அச்சா ஒத்துப்போச்சே!"

"ஏனுங்க, ஷேடு பாத்தீங்க. லாட்டு பாத்தீங்களா?" என்றார் மாமா. லாட்டு என்றால் ஒரே தடவையில் சேர்ந்து தயாரான துணி; நிறம் ஒத்துப்போனாலும் லாட்டு வேறாக இருக்கலாம்.

"குதிரைக்கு லாட்டு நம்பர் போடணும்னு எனக்கு யாரும் சொல்லலியே அண்ணாச்சி!"

மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றதும் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் காலின்மேல் புறங்கையை வைத்தார். நான் வைத்த மாதிரியே வலதில் ஒரு தடவை, இடதில் ஒரு தடவை. ரொம்ப நேரம் எழுந்திரிக்கவில்லை.

பத்து மணி வாக்கில் பந்தயக்காரர் புல்லட்டில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர்தான், குதிரையைப் பார்த்ததும் முகமே மலர்ந்துபோனது. கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். மாமா என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. துணியை அவிழ்த்தாயிற்று, ஆறிவிடும், கொண்டு போங்கள் என்றுகூடச் சொல்லலாம். வளையப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இன்னும் அப்படியே நின்றது.

"புள்ளைக்கு வலது காலு நோவுதுங்க" என்றார் மாமா.

"அட, ரெண்டு நாள் ஓட்டுனா செரியாப் போயிருமுங்க. நம்மூட்ல வந்தா நான் பாத்துக்கறன்."

"இல்லீங்க. நோவோட குடுக்கற பழக்கம் நம்மளுக்கில்லீங்க."

"செரிங்க, ஆறட்டும். ஆறுனதுக்கு அப்பறம்?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தூரத்தில் அந்த நீல டிரம்மைப் பார்த்தார். "ஆறுனதுக்கு அப்பறம் அதுக்கு வேற வேல இருக்குதுங்க. வாங்க, எளனி குடிச்சிட்டுப் போலாம்."

அவர் இளநீர் குடித்துவிட்டு, எங்கள் தோப்பில் நாலு மரத்துக்கு வண்டு அடித்திருக்கிறது என்று வைத்தியம் சொல்லிவிட்டு, கோபமில்லாமல் போனார்.

மத்தியானம் கால்நடை டாக்டர் வந்து தடவிப் பார்த்தார். உள்ளே நரம்பு அறுபடவில்லை, அழுத்தத்தில் புண்பட்டு வீங்கியிருக்கிறது, தினமும் வெறுங்காலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கையில் பிடித்து நடத்துங்கள், நான் மறுபடி பார்த்துச் சொல்கிறவரைக்கும் ஏற வேண்டாம் என்றார். "கட்டு?" என்று மாமா கேட்டார். "கட்டே வேண்டாங்க" என்றார் டாக்டர். மெரூன் துணி அன்றைக்கே மாமாவின் காரைத் துடைக்கப் போய்விட்டது, ரெண்டு லாட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி எங்களுக்கு இல்லை. அழுவேன் என்று நினைத்தேன், வரவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் செவலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மூன்று டிரம்மையும் நடையிலேயே சுற்றி வந்தேன். முதல் டிரம்மில் வலப்பக்கம் திரும்பும்போது அவள் மெதுவாக, அகலமாகவே வந்தாள். நானும் அகலமாகவே போனேன். அவசரம் என்ன?

வீக்கம் வற்றி, டாக்டர் சரி சொன்ன பிறகு ஒரு சாயங்காலம் மறுபடி ஏறினேன். முதலில் சிமெண்டுப் பாதையில் ஓட்டம், நாலு சத்தமும் ஒரே அளவு, தலை அசையவில்லை. பிறகு மண்ணுக்குப் போனோம். மாமாவிடம் போனைக் கொடுத்து, முதல் டிரம்மை மட்டும் வீடியோ எடுங்கள் போதும் என்றேன்.

காது முன்னால் வந்தது. பாய்ச்சலெல்லாம் இல்லை, சும்மா சிறு ஓட்டம்தான். டிரம் நெருங்கியதும் தோளை இறக்கி வலப்பக்கம் திரும்பினாள். நான் பழையபடி காலைச் சுருக்கிக்கொண்டேன்.

"மாமா, எடுத்தீங்களா?" என்று கத்தினேன்.

"வந்துச்சு பாரு கண்ணு! ஒட்டி வந்துச்சு பாரு!" என்று வேலியோரத்திலிருந்து அவரும் கத்தினார்.

இறங்கி வந்து போனை வாங்கிப் பார்த்தேன். வீடியோ முழுக்க அவருடைய செருப்பும் கொஞ்சம் செம்மண்ணும்தான் ஓடியது. குதிரையைப் பார்க்கிற ஆர்வத்தில் கையைக் கீழே விட்டுவிட்டார். அதை இன்னும் நான் அழிக்கவில்லை. சத்தம் மட்டும் நன்றாகப் பதிந்திருக்கிறது.