ஊட்டுக்கு ஒரு படம் எடுத்த காதர் பாய்

காதர் பாய் காலமான செய்தி வந்தபோது நான் பல்லடத்தில் என் நாற்பதாவது இட்லியை வென்றுகொண்டிருந்தேன். அவருடைய மகன் கைப்பேசியில், "மாமா, அத்தா போயிட்டாருங்க" என்றார். இலையை மூடிவிட்டுக் கோவைக்குப் பஸ் ஏறினேன்.

கோவை மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில் நோயாளிகளைப் படம் எடுப்பவராகப் பல்லாண்டுகள் இருந்தவர் அவர். எனக்கு முகத்தில் வெண்புள்ளி. புள்ளி என்பது அடக்கமான சொல். இடக் கன்னத்தில் ஆப்பிரிக்கா, தாடையில் ஆஸ்திரேலியா, நெற்றியில் பெயரிடப்படாத தீவுகள் என்று உலகையே சுமந்து திரிந்த மாமன்னன் நான். ஆனால் ஊர் டீக்கடையில் மாமன்னனுக்கு மட்டும் காகிதக் கப். விசேஷ வீடுகளில் கேமரா திரும்பினால் நான் வாழைமரத்துக்குப் பின்னால் இருப்பேன்.

முதல் நாள் பாய் என் கன்னத்தருகே சிறு ஸ்கேலைப் பிடித்துப் படம் எடுத்தார்.

"கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டுருவீங்கல்லங்க?"

"பாடப் புத்தகத்துக்குப் போனா போடுவோமுங்க. ஆள் தெரியக்கூடாதில்லீங்களா?"

"என் ஊட்டுக் கண்ணாடிக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க பாய்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்கேலைச் சட்டைப்பையில் செருகினார். "அது ஃபைலுக்குங்க. இது ஊட்டுக்கு. சித்தெ சிரிங்க."

"நோய்க்கு எதுக்குங்க சிரிப்பு?"

"நோயை அப்பவே எடுத்துப்போட்டேனுங்க. இப்ப உங்களை எடுக்கறேன்."

சிரித்துத் தொலைத்தேன். அந்தப் படத்தைப் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் சிறைவைத்தேன்.

அடுத்த தையில் என் அக்கா மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவன் நான். மாப்பிள்ளை வீட்டார் தாராபுரத்துக்காரர்கள். என் முகத்தைப் பார்த்து, "பரம்பரைங்களா?" என்று ஒருவர் கேட்டாலும் பிள்ளைக்கல்லவா கெடுதல்? சீர்த்தட்டைத் தம்பியிடம் தள்ளிவிட்டு, உலகம் காணாத வயிற்றுவலியில் விழுவதாகத் திட்டம்.

மண்டப வாசலிலேயே திட்டம் செத்தது. இருபதடி ஃப்ளெக்ஸ். 'தாய்மாமன்' என்ற எழுத்துக்கு மேல் சகல கண்டங்களோடும் நான், பல்லெல்லாம் தெரிய. பீரோவைக் குடைந்தவள் சுகன்யா.

"ஃப்ளெக்ஸ்காரரு வெள்ளையெல்லாம் தொடச்சுத் தரட்டுங்களான்னு கேட்டாரு மாமா. தொடச்சுப்போட்டா அது வேற யாரோட மாமனோன்னு சொல்லிப்போட்டேன்."

அதற்குமேல் எங்கே ஒளிவது? பத்தாயிரம் பேர் முன்னால் சீர் செய்தேன். நானூறு பேர் என்று என் மனைவி சொல்வதை நம்ப வேண்டாம். மாப்பிள்ளையின் அம்மா அருகில் வந்தபோது வயிற்றுவலி நிஜமாகவே வந்தது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஏனுங்கண்ணா, அந்தப் படம் எந்த ஸ்டுடியோவுங்க? எங்க ஊட்டுக்காரரு ஒண்ணுலயும் சிரிக்க மாட்டேங்கறாரு."

குறை சொன்னவர் கல்யாணத்துக்கு வந்திருந்த பாய் மட்டுமே. ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்து, "கலரை ஏத்திப்போட்டாங்க. உங்க நெறம் இது இல்லீங்களே" என்று சாப்பாட்டுப் பந்தி வரை புலம்பினார்.

நேற்று அவர் வீட்டுச் சந்து நிறைய அவர் படம் எடுத்த ஆட்கள். புள்ளி விழுந்த கைகள், தடித்த காதுகள், சுருங்கிய கன்னங்கள். பாயைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது, பழக்கதோஷம், நான் சுவரோரம் ஒதுங்கினேன். பாயின் மகன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க ஏனுங்க நின்னுபோட்டீங்க? தோள் குடுங்க மாமா."

கொடுத்தேன். எனக்கு முன்னால் இருந்தவரின் கழுத்திலும் ஒரு வெள்ளைத் தீவு. மதிய வெயில் நேராக முகத்தில் அடித்தது. அந்தச் சந்தில் ஒருவரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

நிம்மதியாகப் போங்க, பாய்.