மேயருக்கு வைத்த நேர்த்தி

எனக்கு இத்தாலியில் வோட்டு இல்லை. ஆனாலும் அந்த வருஷம் மேயர் தேர்தலுக்கு என்னைப்போல நெஞ்சு பதைத்துக்கொண்டு திரிந்தவள் பலேர்மோவில் வேறு ஒருத்தி இருந்திருக்கமாட்டாள். எல்லாம் ஒரு பஸ்ஸுக்காக.

நாங்கள் நகரத்தின் தெற்கு ஓரத்தில், பகேரியாவுக்குப் போகிற தெருப்பக்கம் குடியிருந்தோம். நான், என் மனுசன், பத்து வயது மகள். எனக்கு வேலை நகர நடுவில், கால்சா என்கிற பழைய பகுதியில், தனியே எழும்பி நடக்க முடியாத ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்ப்பது. சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. இரவில் அவவின் மகன் தாயோடு தங்குவார். காலை ஏழு மணிக்கு அவர் துறைமுகத்து வேலைக்குப் புறப்படவேண்டும். அவர் படியிறங்கும்போது நான் படியேறவேண்டும். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது, ஏனென்றால் எங்கள் தெருமுனையில் ஏறினால் கால்சாவில் இறக்கிவிடும் ஒரு பஸ் இருந்தது.

ஒரு நாள் தரிப்பிடத்தில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பஸ் இனி இல்லையாம். பதிலுக்கு இரண்டு பஸ் மாறிப் போகலாமாம். முதலாவது வந்தால் இரண்டாவது வராது. இரண்டாவது நிற்கும் நாளில் முதலாவது எங்கேயோ பழுதாகிக் கிடக்கும். கோதாரி விழுந்த பஸ்! தரிப்பிடத்தில் நின்று வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற சிசிலிக் கிழவிகள் பாஷை விளங்காமலே தலையாட்டி, தங்கள் பங்குக்குத் தாங்களும் திட்டினார்கள்.

மூன்றாம் தடவை பிந்திப் போனபோது சிஞ்ஞோராவின் மகன் வாசலில் நின்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "ஏழு மணிக்கு வர முடியாவிட்டால் இங்கேயே தங்கி வேலை செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால் தங்கக்கூடிய ஒருவரை நான் தேட வேண்டும்" என்றார்.

தங்கி வேலை செய்வதென்றால் வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்கு வீடு. மனுசன் உணவகமொன்றில் பதிவில்லாத சமையல் வேலை, மத்தியானம் போனால் நடுச்சாமத்துக்குத்தான் திரும்புவார். அப்படியானால் மகள்? பின்னேரம் நான் வெங்காயம் உரிக்க, அவள் எதிரில் இருந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பாதி தமிழிலும் பாதி இத்தாலியனிலும் கொட்டித்தீர்ப்பாள். இரவில் என் முதுகில் காலைப் போட்டுக்கொண்டுதான் படுப்பாள். அதை விட்டுவிட்டு நான் எப்படி இருப்பது? வேலையை விடவும் வழியில்லை. அந்த வேலைக் காகிதத்தைக் காட்டித்தான் மூன்று பேருக்கும் பெர்மெஸ்ஸோ, இங்கே இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கிறோம். கால்சாப் பக்கம் வீடு பார்த்தோம். இருக்கிற அறைகளெல்லாம் உல்லாசப் பயணிகளுக்காம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேர்தல் வந்தது. சுவரெல்லாம் முகம். ஒருவர் டிராம் விடுவேன் என்றார். இன்னொருவர் நிலத்துக்குக் கீழே ரயில் விடுவேன் என்றார். மூன்றாமவர் நேரே எங்கள் தரிப்பிடத்துக்கே வந்தார், பின்னால் ஏழெட்டுப் பேரும் கமராவும். நான் விடவில்லை. வேலைப் பையோடு உள்ளே இடித்துக்கொண்டு போய், "எங்கள் பஸ்ஸைத் திருப்பித் தருவீர்களா?" என்று கேட்டேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "வென்றதும் முதல் வேலை அதுதான் சிஞ்ஞோரா. என் வார்த்தை" என்றார். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் பெரிய மனிதர் ஒருவர் என் கையைப் பிடித்துக் கதைத்தது அன்றுதான். நான் அப்படியே உருகிப்போனேன்.

நேரே போய் சிஞ்ஞோராவின் மகனிடம் தவணை கேட்டேன். "தேர்தல் முடியட்டும், பஸ் வந்துவிடும், அதுவரை பொறுங்கள்" என்றேன். அவர் பலேர்மோக்காரர். முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, கோடை வரைக்கும் என்றார்.

வீட்டில் மனுசனுக்குச் சொன்னேன். "உமக்கு விசரே?" என்றார். "உம்மட்டை வோட்டும் இல்லை, அவனிட்டை பஸ்ஸும் இல்லை. நல்ல பொருத்தம்."

வோட்டு இல்லாதவள் என்ன செய்வாள்? நேர்த்தி வைப்பாள். இந்த நகரத்தைக் காக்கும் புனிதை மலைக்குகை ஒன்றுக்குள் படுத்திருக்கிறா. நாங்கள் சைவக்காரர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையில் ஏறுகிற சனத்தில் எங்கள் ஆட்களை எப்போதும் காணலாம். பெர்மெஸ்ஸோ கிடைக்கவும், பிள்ளை பிறக்கவும், ஊரில் காணாமல் போனவர் திரும்பவும் அவவிடம்தான் கேட்கிறார்கள். நானும் போனேன். மெழுகுதிரி கொளுத்தி, "தாயே, இந்த மனிசனை வெல்ல வை. ஒன்பது ஞாயிறு வெறுங்காலோடை ஏறி வாறன்" என்று கண்ணீர்விட்டுக் கேட்டேன்.

ஆள் வென்றுவிட்டார்! தொலைக்காட்சியில் அவர் கையசைக்க, நான் குசினிக்குள் ஓடிப் போய்ப் பாயாசத்துக்கு அடுப்பு மூட்டினேன். கீழ்வீட்டு அக்காவுக்கும் கொடுத்தேன். மகள் ஏதோ தன் பிறந்தநாள் போலத் துள்ளினாள். மனுசன்கூட, "பொறும், பாப்பம்" என்று கொஞ்சம் இறங்கி வந்தார்.

ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. தரிப்பிடத்தில் அதே பழைய காகிதம், வெயிலில் மஞ்சளாகி. நகரசபையின் தொலைபேசிக்கு எடுத்தால் இசை போகும், பிறகு அறுந்துவிடும். ஒருமுறை ஒரு பெண் எடுத்தாள். அது ஆய்வில் இருக்கிறதாம். எத்தனை நாளைக்கு ஆய்வு என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாதாம். சிஞ்ஞோராவின் மகனிடம் நான் பொய் சொல்லத் தொடங்கினேன். அடுத்த கிழமையாம், சாரதிகள் போதாதாம், வந்துவிடுமாம். சொல்லச் சொல்ல என் வாயே எனக்குக் கூசியது. பஸ் வராத நாட்களில் பாதித் தூரம் ஓடினேன். வியர்வையில் நனைந்து போய்ப் படியேறும்போது நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது பஸ் வரவேயில்லை. மகன் காத்திருந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் கதவைத் திறந்தபோது சிஞ்ஞோரா கட்டிலுக்குக் கீழே கிடந்தா. கழிவறைக்குப் போகத் தனியே எழும்பியிருக்கிறா. கை முறிந்திருந்தது. என்னைக் கண்டதும், "வந்துவிட்டாயா மகளே" என்று அழுதா. நானும் அவவைக் கட்டிப்பிடித்து நிலத்திலேயே இருந்து குழறினேன். மன்னிப்புக் கேட்டேனா, அந்த மேயரைத் திட்டினேனா, ஒன்றும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் மகன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் நானே அவரிடம் போய், தங்குகிறேன் என்றேன். பையில் உடுப்பு அடுக்கும்போது மகள் அறைக்குள் வரவில்லை. கீழ்வீட்டு அக்காதான் அவளை இரவில் வைத்திருக்க ஒத்துக்கொண்டா.

இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மகளோடு கடற்கரையில் இருக்கலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் அக்கா நேர்த்தியை ஞாபகப்படுத்தினா.

"அவன் ஏமாத்திப்போட்டானக்கா. நான் ஏன் ஏறவேணும்?"

"நீ கேட்டது நடந்ததெல்லே? அவனை வெல்ல வை எண்டுதானே கேட்டனீ. அவ வெல்ல வைச்சவ. பொம்பிளைப் பிள்ளையை வைச்சிருக்கிறாய், நேர்த்தியோடை விளையாடாதை."

மகளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்துபோனேன். அவ சொன்னதில் பிழையே இல்லை. பஸ்ஸைக் கேட்காமல் ஆளைக் கேட்டுவிட்டு வந்த பேய்ச்சி நான்தான்.

அப்படித்தான் அந்தக் கோடையில் என் ஞாயிற்றுக்கிழமைகள் மேயருக்குப் போயின. மகளும் கூட வந்தாள். வராவிட்டால், வியாழன் பின்னேரம் தவிர, அவளுக்கு என்னைக் காண வேறு நேரம் இல்லை. அவளுக்குச் செருப்பு, எனக்கு வெறுங்கால். பழைய கல்பாதை அடுப்புப்போலச் சுட்டது. மூன்றாவது ஞாயிறு பாதி மலையில் அவள் ஒரு கல்லில் இருந்து, போத்தல் தண்ணீரை என் காலில் ஊற்றினாள்.

"அம்மா, நீங்கள் மேலை போய் என்ன கேட்டனீங்கள்?"

"அந்த மேயர் வெல்லவேணுமெண்டு."

"அவர் வெண்டிட்டார்தானே?"

"ஓம்."

அவள் மிச்சத் தண்ணீரையும் என் காலில் ஊற்றினாள். "மா பெர்கே, அம்மா? ஏன் அவருக்குக் கேட்டனீங்கள்? நீங்கள் என்னோடை வீட்டை இருக்கவேணுமெண்டு கேட்டிருக்கலாமே."

மெழுகுதிரி கொளுத்திய அன்று பஸ்ஸை நினைத்தேன், மேயரை நினைத்தேன், ஏழு மணியை நினைத்தேன். அது மட்டும், சத்தியமாக, எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.