அடைக்கலத்தின் இடது கை

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் அடைக்கலம் உட்கார மாட்டார். நடுவழியில் கால்களை அகற்றி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எந்தக் கம்பியையும் தொடாமல் நிற்பார். கழுத்தில் பெரிய லென்ஸ் மாட்டிய கேமரா. இந்தக் கத்திரி வெயிலில் இரண்டு கையிலும் கம்பளிக் கையுறை. காவிரிப் பாலத்தில் ஏறும்போது பஸ் ஒரு குலுக்குக் குலுக்கும் பாருங்கள், சரியாக அப்போதுதான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்.

"சார், கம்பியப் புடிங்க. நீங்க விழுந்து வச்சா நான்தான பதில் சொல்லணும்?" என்று கண்டக்டர் அலறுவார்.

"புடிக்காம நிக்கத்தாங்க டிக்கெட்டே எடுத்தேன்" என்பார் அடைக்கலம்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் அவர் நார்வேக்கும் மேலே, வடதுருவத்துப் பனிக்கடலில் போகும் ஒரு கப்பலில் ஏறப் போகிறார். பனிக்கரடியையும் நரியையும் கலைமானையும் படம் எடுப்பவர்களுக்கென்றே போகிற கப்பல் அது. நார்வேயில் நர்ஸாக இருக்கும் மகள் செலின் ஏற்பாடு செய்திருக்கிறாள். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறக்கிவிடுவார்களாம். படகு ஆடிக்கொண்டே இருக்குமாம். திருச்சியில் அதற்கு ஈடாக ஆடுவது டவுன் பஸ் ஒன்றுதான் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அறுபத்து நாலு வயது. ரயில் இஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்மலையில் வீடு. இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அந்த உரத்திலேயே நின்றுவிட்டது. ரகசியம் சொன்னாலும் தெருமுனைவரை கேட்கும். இன்னொரு பழக்கமும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இஞ்சினில் டிரைவரும் உதவி டிரைவருமாக இரண்டு பேர் இருப்பார்கள். எதிரே தெரியும் சிக்னலை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு கண் பிசகினாலும் இன்னொரு கண் பிடித்துவிடும் அல்லவா, அதற்காக.

வீட்டில் அந்த உதவி டிரைவர் வேலை மனைவி அற்புதம்மாளுடையது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, தலைமைத் தபால் நிலையச் சந்திப்பில் இவர் "ரெட்" என்றால் அவரும் "ரெட்" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் ஏதோ கோபத்தில் அம்மாள் வாயைத் திறக்கவில்லை. கிரீன் விழுந்தது. இவர் "கிரீன்" என்றார். பதில் இல்லை. மனிதர் வண்டியை நகர்த்த வேண்டுமே! பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் இவருடைய பரம்பரையையே இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அற்புதம்மாள், "கிரீன், கிரீன், போய்த் தொலைங்க" என்றார்.

பயணத்துக்குத் தயாராவதில் அவர் பண்ணாத கூத்து இல்லை. மீன் மார்க்கெட் பக்கம் வீரமலையின் ஐஸ் கம்பெனி இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய், ஐஸ் பாளங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கையுறையைக் கழற்றாமலே கேமராவில் பேட்டரி மாற்றிப் பழகுகிறார். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடுமாம். அதனால் மாற்று பேட்டரியைச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பார். வெளியே வருமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார். இல்லாவிட்டால் நம் ஊர்ச் சூடு பட்ட நிமிஷம் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். "ஊர்ல எல்லாரும் வெயிலுக்கு ஊட்டி போறாங்க. இவரு ஒருத்தர்தான் என் ஐஸ் ரூமுக்கு வராரு" என்பார் வீரமலை.

வெள்ளைப் பனியில் வெள்ளைக் கரடியை எடுத்தால் படம் வெளுத்துப்போகும் என்று கேள்விப்பட்டதும், மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் ஒரு வெள்ளைக் கோழியை விட்டு எடுத்துப் பார்த்தார். படத்தில் கோழி நன்றாகத்தான் விழுந்தது. "படத்தப் பாத்தது போதும், வேட்டியப் பாருங்க, அது என்ன பண்ணி வச்சிருக்குன்னு" என்றார் அற்புதம்மாள்.

இவ்வளவு சிரத்தைக்கும் நடுவில் ஒரே ஒரு சங்கடம். கோழி விழுகிறது, கொக்கு விழுகிறது, பஸ் குலுக்கலில் பாலத்துத் தூண்கூடக் கூர்மையாக விழுகிறது. நாலு கால் பிராணி எதுவானாலும், அது நின்று திரும்பி இவரைப் பார்த்துவிட்டால் போதும், லென்ஸைத் தாங்கியிருக்கும் இடது கை கழன்று கீழே போய்விடும். லென்ஸ் தலை கவிழும். படத்தில் தரையும் நாலு காலும் மட்டும் இருக்கும்.

"என்னப்பா, மாடு, நாய், ஆடு எல்லாத்துக்கும் காலு மட்டுந்தான் இருக்கு?" என்று செலின் போனில் சிரித்தாள். கை நடுக்கம் என்று நினைத்து டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். "நடுக்கமெல்லாம் இல்லம்மா, பழகிடும்" என்றார். கைக்குட்டையால் கையை லென்ஸோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார். கை போன பக்கம் கேமராவும் கூடவே போனது.

நடுக்கம் இல்லை என்பது அற்புதம்மாளுக்கும் தெரியும். அந்தக் கை தூக்கத்திலும் அதே வேலையைத்தான் செய்யும். கட்டிலின் ஓரத்தில் எதையோ பிடித்து, முழு மூச்சாகத் திருப்பும். இஞ்சினில் அந்த இடத்தில்தான் பிரேக் கைப்பிடி இருக்கும்.

பல வருஷத்துக்கு முன்னால், திண்டுக்கல் பாதையில், அய்யலூர் மலைப்பக்கம் நடந்தது அது. விடிந்தும் விடியாத நேரம். வளைவு திரும்பியதும் தண்டவாளத்தில் ஒரு காட்டெருமையும் கன்றும். கன்று தாண்டிவிட்டது. தாய் நின்று இஞ்சினைத் திரும்பிப் பார்த்தது. "காட்டெரும!" என்று அடைக்கலம் கத்தினார். பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. உதவி டிரைவர் ராசப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்க்கக்கூடிய காட்சியா அது? இடது கை அவசர பிரேக்கைப் போட்டது. ஆனால் அத்தனை பெட்டிகளை இழுத்து வரும் ரயில் நினைத்த இடத்தில் நின்றுவிடுமா? நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிரைவர் கண்ணை மூடக் கூடாது, அவர் மூடவில்லை. கடைசிவரை அது இவரைப் பார்த்தது, இவர் அதைப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் வண்டி ஓட்டினார். ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை. அற்புதம்மாளுக்கே ராசப்பன் வந்து சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது ராசப்பன் அழுதார். அடைக்கலம் கொல்லைப்புறத்துக்கு எழுந்து போய்விட்டார்.

போன வருஷம் செலின் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவளுடன் வேலை பார்க்கிறவர் எடுத்தது. பனிக்கட்டிமேல் ஒரு கரடி நடந்து வருகிறது, நிற்கிறது, கப்பலைப் பார்க்கிறது, தன் பாட்டில் போய்விடுகிறது. இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கப்பல நிறுத்திட்டாங்களாம்மா?"

"ஆமாப்பா. கரடியப் பாத்தா ரொம்ப தூரத்துலயே நிறுத்திடணும். கிட்டப் போவக் கூடாது. அங்க அதான் சட்டம்."

"அப்ப நான் வரேம்மா" என்றார்.

அவருக்கு வேண்டியது பரிசு வாங்கும் படம் இல்லை. வீரமலையிடம் ஐஸ் ரூமில் வைத்து ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "ஒரு தடவங்க. ஒரே ஒரு தடவ அது என்னயப் பாக்கணும், நான் பதறாமப் பாக்கணும். அது பாட்டுக்கு நடந்து போவணும். அவ்ளோதான்." அதற்குக் குறுக்கே நிற்பது அவருடைய கைதான். அத்தனை தூரம் போயும் தரையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் அந்த மனிதர் உள்ளுக்குள் உடைந்துவிடுவார்.

செலின் இரண்டு பேருக்குத்தான் கப்பலில் இடம் போட்டிருந்தாள். அற்புதம்மாள் மறுத்துவிட்டார். மகள் வீடுவரை வருவாராம், கப்பலில் கால் வைக்க மாட்டாராம். "ஒத்தாசைக்கு ஆளு வேணும்னா சொல்லுங்க, வரேன். சும்மா நின்னு வேடிக்க பாக்க நடுக்கடலுக்கு நான் எதுக்கு?" ஆள் வேண்டும் என்று சொல்ல அடைக்கலத்துக்கு வாய் வரவில்லை. ஏன் வேண்டும் என்று கேட்டால் அய்யலூரைச் சொல்ல வேண்டுமே. செலின் மட்டும் அம்மாவின் இடத்தை ரத்து செய்யாமல் வைத்திருந்தாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அடைக்கலம் விடியற்காலையிலேயே ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்துக்குக் கிளம்பினார். தண்ணீர் இல்லாத நாள்; பரந்து கிடக்கும் அந்த வெள்ளை மணலைத்தான் அவர் பனி என்று வைத்துக்கொண்டிருக்கிறார். சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புகிறாரே என்று அற்புதம்மாள் இட்லி டப்பாவோடு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். படம் எடுக்கும் இடத்துக்கு அவர் கூட வருவது அதுதான் முதல் தடவை.

நாணல் புதரிலிருந்து ஓர் எருமைக் கன்று துள்ளி வந்து மணலைக் கடந்தது. பின்னாலேயே தாய். அடைக்கலம் கேமராவைத் தூக்கினார். பாதி மணலில் தாய் எருமை நின்றது. கழுத்தைத் திருப்பி நேராக இவரைப் பார்த்தது.

"எரும" என்றார் அடைக்கலம். எப்போதும் உரக்கப் பேசுகிற மனிதரின் குரல் அடியோடு இறங்கியிருந்தது.

இடது கை லென்ஸை விட்டுக் கழன்றது. இடுப்புக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்து முறுக்கியது. கட்டிலில் எத்தனையோ இரவு அற்புதம்மாள் பார்த்த கை. அற்புதம்மாள் இட்லி டப்பாவை அப்படியே மணலில் போட்டுவிட்டு, ஓர் எட்டில் அவருடைய இடது பக்கம் வந்து, கவிழ்ந்துகொண்டிருந்த லென்ஸுக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தார்.

"எரும" என்றார்.

அடைக்கலத்தின் தோள் ஒருதரம் குலுங்கியது. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை.

"நிக்குது" என்றார்.

"நிக்குது."

"பாக்குது, அற்புதம்."

"பாக்குதுங்க. நீங்களும் பாருங்க. நான் புடிச்சிருக்கேன்."

வலது கை விரல் அழுத்திய சத்தம் கேட்டது. எருமை இன்னும் கொஞ்சம் பார்த்தது. பிறகு காதை ஆட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் கன்றுக்குப் பின்னால் போய் அக்கரைப் புதருக்குள் மறைந்தது.

"தாண்டிருச்சு" என்றார் அடைக்கலம்.

அற்புதம்மாள் அக்கரைப் புதரை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தாண்டிருச்சு. ரெண்டும்."

காற்றைப் பிடித்திருந்த இடது கை மெல்லத் தளர்ந்தது. அடைக்கலம் கேமராவை மார்பில் இறக்கினார். படம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த இடது கையிலிருந்த கம்பளிக் கையுறையைக் கழற்றினார். இன்னும் லென்ஸுக்குக் கீழேயே இருந்த அற்புதம்மாளின் கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக உள்ளே விட்டு, மணிக்கட்டுவரை இழுத்து மாட்டிவிட்டார்.