ஆறாவது ரேடியேட்டர்

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. பெரியகுளத்தில் பாய்லர் வேலை பார்க்கும் ஆல்பர்ட் குடிப்பழக்கம் இல்லாதவர், வாய்ப்பந்தல் போடத் தெரியாதவர். அவர் மாதா மேல் ஆணையிட்டுச் சொன்னது இது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியாது. இது நட்டநடுப் பகலில் நடந்தது. போன ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

கம்பத்தில் சுந்தரலிங்கம் என்று ஒரு பெரிய ஏலக்காய்க்காரர். வீட்டுக்குப் பின்னாலேயே காய் உலர்த்தும் அறை. அதை ஸ்டோர் என்பார்கள். வெளியே விறகு பாய்லர். அதில் கொதிக்கும் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே ஆறு ரேடியேட்டர்களில் ஓடும், அறை சூடாகும், பச்சைக்காய் காயும். மூன்று வருடத்துக்கு முன்னால் கதவு முதல் குழாய் வரை எல்லாம் மாட்டியது ஆல்பர்ட்தான்.

இப்போது ஆறாவது ரேடியேட்டர் மட்டும் சூடேற மாட்டேன் என்கிறது. நானூறு கிலோ காய் தட்டில் கிடக்கிறது, சாயங்காலத்துக்குள் சூடு பிடிக்காவிட்டால் நிறம் போய்விடும் என்று சுந்தரலிங்கம் போனில் பதறினார். ஏற்கெனவே மூன்று மெக்கானிக்குகள் வந்து, ஸ்பானரைக்கூட எடுக்காமல் ஓடியதை மட்டும் அவர் சொல்லவில்லை.

11.40க்கு ஆல்பர்ட் உள்ளே போனார். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, தன் இரும்பு டூல்ஸ் பெட்டியை நிலையில் வைத்தார். சுந்தரலிங்கம் வாசலைத் தாண்டவில்லை. எட்டி நின்றே பேசினார்.

ஐந்து ரேடியேட்டர்கள் கொதித்தன. ஆறாவது, கடைசிச் சுவரோரம், சில்லென்று இருந்தது. ஏர் லாக்காக இருக்கும் என்று மேலே இருந்த திருகைத் தளர்த்தினார். காற்று வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. பம்ப் ஓடுகிறது. அடைப்பு இல்லை. குனிந்து பார்த்தார். அட, வால்வு மூடிக் கிடந்தது. சும்மா அல்ல, முறுக்கி மூடியிருந்தது. இதற்கா மூன்று பேர் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

யார் மூடியது என்று கேட்டார். காய் பரப்பிய பிறகு உள்ளே யாருமே போவதில்லை என்றார் சுந்தரலிங்கம். சொல்லிவிட்டு இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

துணியைச் சுற்றிப் பிடித்து வால்வைத் திறந்தார். பித்தளைச் சக்கரத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. வெங்காயச் சருகு மாதிரி, மெல்லிசாக. சுரண்டிப் போட்டார்.

11.52. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

கர்ர்ர்... கர்ர்ர்...

தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி. திரும்பினார். கதவுதான். எலியாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

12.05. ஆறாவது சூடாகிவிட்டது. சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தார்.

12.15. மறுபடி போய்த் தொட்டார். சில்லென்று இருந்தது. சாக்பீஸ் கோடு மூன்று சுற்று தள்ளிப் போயிருந்தது. சக்கரத்தில் மறுபடியும் அந்தச் சருகு... இந்த முறை ஈரமாக.

ஆல்பர்ட் ஒரு முறை கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் வேலைக்காரன் ரோசம் விடவில்லை. திறந்தார். கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

12.30. ஆறும் கொதித்தன. சூடாயிருச்சு முதலாளி என்று குரல் கொடுத்தார். காயின் நிறம் பார்க்கிற ஆசை பயத்தை ஜெயித்துவிட்டது. சுந்தரலிங்கம் மெதுவாக உள்ளே வந்தார். தட்டிலிருந்து ஒரு காயை எடுத்தார். முகர்ந்தார்.

12.40.

கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் நிதானமாகக் கேட்டது. பெட்டி? பெட்டி நிலையில் இல்லை.

ஆல்பர்ட் ஓடிப்போய்க் கதவைத் தடவினார். உள்ளேயிருந்து திறக்கும் பிடி இருக்க வேண்டிய இடத்தில் தகரம் மட்டும் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதவை மாட்டிய அன்றே அந்தப் பிடியைக் கழற்றியது அவர்தான். பிடி இருந்தால் வேலைக்கு வருகிறவர்கள் காயைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவார்கள், பூட்டினால் நான் திறக்கும் வரைக்கும் உள்ளேயே கிடக்கட்டும் என்று சுந்தரலிங்கம் சொன்னார். ஆல்பர்ட் மறுபேச்சுப் பேசவில்லை. நாலு கறுப்புத் திருகாணி. ஒன்றின் தலை மழுங்கிப்போனது. பிடியையும் திருகாணிகளையும் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். துளையைத் தகரத்தால் மூடினார்.

அந்தத் தகரத்தில் இப்போது கீறல்கள். நூற்றுக்கணக்கில்.

வெப்பமானி 58. 63. 67...

சுந்தரலிங்கம் கதவைப் பார்க்கவில்லை. ஆறாவது ரேடியேட்டரையே பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"யுவராணி... வேணும்னு பூட்டலத்தா. மார்க்கெட்டுக்குப் போனேன். மறந்துட்டேன் ஆத்தா."

"யாரு முதலாளி யுவராணி?"



கர்ர்ர்... கர்ர்ர்...

சத்தம் ஆல்பர்ட்டின் காதோரம் கேட்டது. கதவு ஒரு முழம் திறந்தது. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும். ஆல்பர்ட் வெளியே விழுந்தார். பின்னாலேயே சுந்தரலிங்கம் ஓடி வந்தார்...

அவர் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது.

காலையில் ஒற்றை விரலுக்கு நகர்ந்த தாழ்ப்பாள். இப்போது ஆல்பர்ட் ரெண்டு கையாலும் இழுத்தார். சுவரில் காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை. பாய்லர் நெருப்பில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினார். பம்பை நிறுத்தினார்.

உள்ளே கத்தல்.

பிறகு தட்டல்.

பிறகு சுரண்டல்.

பிறகு...

1.05. தாழ்ப்பாள் தானாக விலகியது.

சுந்தரலிங்கம் ஆறாவது ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அது சில்லென்று இருந்தது. வால்வு முறுக்கி மூடியிருந்தது. அவர் உள்ளங்கைகளில் தோல் இல்லை. தோல், சக்கரத்தில் இருந்தது.

ஆம்புலன்ஸ் தேனிக்கு விரைந்தது. சின்னமனூர் வரும்போது உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள், சுந்தரலிங்கம் வீட்டில் காய் தரம் பிரிக்கும் கருத்தம்மாள், துக்கம் கேட்கக் கம்பத்துக்குப் போன ஆல்பர்ட்டைத் தெருமுனையில் நிறுத்தினாள். போன வருடம், இதே ஐப்பசியில், தட்டுத் திருப்பப் போன யுவராணியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு முதலாளி மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். சூடு தாங்காமல் அந்தப் பெண் ஒவ்வொரு ரேடியேட்டராக மூடப் பார்த்திருக்கிறாள். வெறுங்கையால். ஒன்றைத்தான் மூட முடிந்தது. காய்ச்சலில் செத்தாள் என்று ஊருக்குச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அவளும் சின்னமனூர்லதான் உயிர விட்டா தம்பி. நான் கூடவே இருந்தேன். முதலாளி மேல ஒரு வார்த்த சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. இந்தக் கதவ மாட்டுனது யாருன்னு."

 அதற்கு என்ன சொன்னீர்கள் என்று ஆல்பர்ட் கேட்டார்.

"வண்டியில கூட வந்த முதலாளிதான் சொன்னாக. உம் பேரு, பெரியகுளத்துல உன் வீடு, எல்லாத்தையும் சொன்னாக."

அன்று மாலை 6.20க்கு ஆல்பர்ட் வீடு சேர்ந்தார். மனைவி இவாஞ்சலின் குளித்துக்கொண்டிருந்தாள். ஹீட்டர் ஏன் சூடே ஆகவில்லை என்று உள்ளேயிருந்து கேட்டாள். கதவு ஏன் திறக்கவில்லை என்றும் கேட்டாள்.

ஆல்பர்ட் குளியலறைக் கதவைப் பார்த்தார். வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். காலையில் அது அங்கே இல்லை.

நாலு கறுப்புத் திருகாணி. ஒன்றின் தலை மழுங்கியிருந்தது.