பகலில் தூங்குகிறவன் வாங்கிய வீடு

வீடு பார்க்கப் போகிறவன் கிணற்றை எட்டிப் பார்ப்பான், கூரையை நிமிர்ந்து பார்ப்பான், சுவரைத் தட்டிப் பார்ப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு காதால் பார்த்தேன். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு நிரந்தர இராப் பணி. ஊர் தூங்கும்போது டிரங்க் கால் இணைத்துக் கொடுப்பேன். ஊர் விழித்து வேலைக்குப் போகும்போது வீட்டுக்கு வந்து, பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். எனக்குக் காற்றோட்டம் வேண்டாம், வெளிச்சம் வேண்டவே வேண்டாம். சத்தம் இல்லாமல் இருந்தால் கோழிக்கூண்டைக்கூட விலை பேசியிருப்பேன்.

விலைக்கு வந்த வீடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஒரு பழைய பெரிய வீட்டை மூன்று போர்ஷனாகப் பிரித்து விற்றிருந்தார்கள். நடுவில் முற்றமும் கிணறும் பொது. கீழே ஒரு போர்ஷனில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் இருந்தது. மாடியில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், கிறிஸ்தவர், தனியாக இருந்தார். மூன்றாவது போர்ஷன் வயதான தையற்கார பாய் ஒருவருடையது. ஆற்காட்டில் இருந்த மகனோடு போய் இருந்துவிடலாம் என்று அவர் அதை விற்க முடிவு செய்திருந்தார். ஒரு கூடம், ஒரு அறை, உள்ளே போனால் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வரவேண்டிய சமையல்கட்டு, அவ்வளவுதான்.

முதல் தடவை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினேன். ஆகா! கிணற்று ராட்டினம்கூடக் கிறீச்சிடவில்லை. பாய் பக்கத்தில் வந்து, "தம்பி, இன்னிக்கி வந்து..." என்று ஆரம்பித்தார். நான் பெரிய சங்கீத ரசிகனைப் போலக் கையை உயர்த்தி அவரை அடக்கினேன். "பேசாதீங்க பாய். கேட்டுக்கினு இருக்கேன்." இன்னும் இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் அடக்கினேன். பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அட்வான்சை வாங்கிக்கொண்டார்.

அவர் சொல்ல வந்தது, அன்றைக்கு அமாவாசை என்பது. அமாவாசையில் காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. இது இந்த ஊருக்குச் சேலை வாங்க வருகிறவர்களுக்கே தெரியும். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் நன்றாகத் தெரியும். அன்று காலையில் காக்கைக்குச் சோறு வைத்து, 'கா, கா' என்று கத்திவிட்டுத்தான் நான் வீடு பார்க்கவே கிளம்பியிருந்தேன். தலைக்குள் இரண்டு விஷயமும் இருந்தன. இரண்டையும் இணைத்துக் கொடுக்கத்தான் உள்ளே ஆபரேட்டர் இல்லை.

மறுநாள் மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்துப் போனேன். தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. அடுத்த போர்ஷனில் இரண்டு தறி. ஒன்றில் நூலை அடிக்கும் பலகை 'டக்' என்றால் மற்றது 'டடக்' என்றது. இரண்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் கூடவே சேர்ந்து தாளம் போட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து பாய், "நான் சொல்ல வந்தேன் தம்பி, நீங்கதான் கேக்கல" என்றார். நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்!

இதற்குள் ஜன்னல் வழியாக நெசவாளியின் மனைவி, "யாரும்மா, வீடு வாங்க வந்தவங்களா?" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். என் மனைவியும் "ஆமாக்கா!" என்று பதிலுக்குக் கத்தினாள். எனக்கு அதைக் கவனிக்கும் நிலைமை இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும், "அட்வான்ஸ் போனா போவுது, வேற எடம் பாக்கலாம்" என்றேன்.

"எனக்கு அந்த வீடுதான் வேணும்" என்றாள் மனைவி.

"நான் எங்க தூங்கறது? எக்ஸ்சேஞ்சில போர்டு மேல கவுந்தா வேலை போயிடும்மா."

"அந்த வீடுதான் வேணும்."

காரணம் கேட்டேன், சொல்லவில்லை. கிணறு முற்றத்திலேயே இருக்கிறது, மார்க்கெட் பக்கம் என்று நானே இரண்டு காரணம் கண்டுபிடித்து, இரண்டையும் நானே மறுத்துப் பேசி ஜெயித்தேன். ஜெயித்த பிறகும் அவள் மாறவில்லை.

பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழக்கோலால் முதுகைச் சொறிந்தபடி யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க தம்பி. ஒரு பகல் இங்க வந்து படுங்க. தூக்கம் வந்தா பத்திரம் எழுதிடலாம். வரலைன்னா உங்க அட்வான்ஸ் உங்களுக்கே." நியாயமான மனிதர். மாப்பிள்ளை பார்ப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம், மாப்பிள்ளை படுத்துத் தூங்குவதைப் பார்த்து முடிவு செய்வது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்.

அப்படியாக ஒரு நாள் காலை டியூட்டி முடிந்து, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தேன். "இன்னா சார், தலகாணியோட? ஊட்ல சண்டையா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். மனைவியும் மகளும் முன்பே வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நெசவாளி குழித்தறியிலிருந்து தலையை நீட்டி, "இன்னிக்கி ஒரு நாள் நிறுத்தட்டுமா சார்? உங்களுக்காவ" என்றார்.

"கூடாது! ரெண்டு தறியும் ஓடணும். ஒரு தடவ ஏமாந்தது போதும்பா" என்று வீரமாகச் சொல்லிவிட்டுப் பாயின் கட்டிலில் படுத்தேன்.

தூக்கம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. தறியின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நுழைந்துவிடலாம் என்று பார்த்தேன், கதவு அதற்குள் சாத்திக்கொண்டது. அரைமணி நேரம் புரண்டதும் தெளிவாக முடிவு செய்தேன்: இது ஆகாது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று காலைக் கீழே வைத்தபோது, முற்றத்தில் பெண்கள் பேசுவது கேட்டது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசவேண்டி இருந்ததால் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக் கேட்பது எங்கள் வேலையில் பெரிய குற்றம். ஆனால் அது டியூட்டி நேரத்தில்தானே.

"ஏம்மா, இந்த சத்தத்துல உங்க வீட்டுக்காரரு தூங்குவாருன்றியா?" இது நெசவாளியின் மனைவி.

"தெரியலக்கா. தூங்கணும்னு வேண்டிக்கினு உக்காந்திருக்கேன்."

"அப்படி இன்னா இருக்குது இந்த வீட்ல? ஒண்டுக்குடித்தன வீடும்மா."

"எடம் கெடக்குது, வுடுங்கக்கா. பகல்ல இவரு தூங்கணும்னு ஆறு வருஷமா நான் ஜாடையிலயே குடித்தனம் பண்றேன். காய்க்காரர் தெருமுனையில கூவறதுக்கு முன்ன நான் ஓடிப்போய் நிப்பேன். மொளகா இடிக்கணும்னா ஒலக்கையத் தூக்கிக்கினு ரெண்டு தெரு தள்ளிப் போவேன். கால்ல கொலுசு கெடையாது, ரேடியோ கெடையாது. இதோ இவ இருக்காளே, சொப்பு வச்சி வெளையாடுனாகூட குசுகுசுன்னுதான் பேசுவா. போன மாசம் முட்டி பேந்துபோச்சி, பாவாடையை வாயில வச்சிக்கினு அழுவறாக்கா!"

"அய்யோ ராமா!"

"அன்னிக்கி நீங்க ஜன்னல்ல இருந்து கத்துனீங்க, நானும் கத்துனேன். என் கொரல் எனக்கே அடையாளம் தெரியலக்கா."

இருவரும் சிரித்தார்கள்.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வாடகை வீடு இருந்த இடத்தின் அமைதியைப் பற்றி எக்ஸ்சேஞ்சில் நான் பேசாத நாள் கிடையாது. தெரு வளைந்திருப்பதால் சத்தம் உள்ளே வராது, வேப்பமரம் சத்தத்தை வாங்கிக்கொள்ளும் என்றெல்லாம் விஞ்ஞானம் வேறு சொல்லி வைத்திருந்தேன். சக ஊழியர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வேப்பங்கன்று நட்டே விட்டார். வேப்பமரமாவது வளைவாவது! வீட்டில் இரண்டு பேர் இத்தனை வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

கீழே வைத்த காலைத் திரும்ப மேலே எடுத்தேன். படுத்துக் கண்ணை இறுக்கி மூடினேன். மொத்தம் மூன்று மணி நேரம், ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல், தூங்குகிறவனாக நடித்தேன். பார்ப்பதற்கு யாருமில்லாத அறையில் அவ்வளவு நன்றாக நடித்தது வீண்தான்.

பிறகு தலைமயிரை நானே கலைத்துவிட்டு, ஊரே கேட்கக் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். "எழுதிடலாம் பாய்" என்றேன்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நர்ஸம்மா நின்று என்னைப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் பழமா செவந்திருக்குதே சார். தூங்குன கண்ணா இது?"

"எனக்குத் தூங்குனா செவக்கும்மா" என்றேன்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு கேஸ் பாத்ததில்ல" என்றவர், என் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் வந்து குரலை இறக்கிக்கொண்டார். "நானும் நைட் டியூட்டி பாத்தவதான். கட்டிலை அந்தச் சுவத்துலருந்து பிரிச்சி சமையல்கட்டுப் பக்கம் போடுங்க. மொதல் மாசம் பைத்தியம் புடிக்கும். அப்புறம் சரியாயிடும்."

முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கட்டைக் கீழே வைத்தாள். "நெசமா தூங்கினீங்களா?"

"அடிச்சிப் போட்ட மாதிரி."

"கொறட்டையே கேக்கலியே?"

"இந்தத் தறிச் சத்தத்துல உனக்கு எங்க கேக்கும்?"

அவள் கீரையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். அடுத்த முகூர்த்த நாளில் பத்திரம் பதிந்தோம்.

நர்ஸம்மா சொன்ன ஒரு மாதம் எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. அந்த ஒன்றரை மாதத்தில் எக்ஸ்சேஞ்சில் நான் செங்கல்பட்டுக்கு இணைக்க வேண்டியவர்களை அரக்கோணத்துக்கு இணைத்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிலர் சுவாரசியமாகவே பேசிக்கொண்டார்கள்.

குடிவந்த பத்தாம் நாள், கண் அசரும் நேரம். கிணற்று வாளி யாருடையது என்று முற்றத்தில் சண்டை வந்துவிட்டது. நெசவாளியின் மனைவி தெலுங்கில் போட, என் மனைவி தமிழில் போட்டாள். நடுவில் என் மகள் தொண்டை கிழிய, "அது எங்க வாளிதான்!" என்றாள். தறியே ஒரு நிமிஷம் நின்று கேட்டது. எழுந்து போய் சமாதானம் செய்திருக்கலாம். வாளி அவர்களுடையது என்றுகூட எனக்குத் தெரியும். தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.