கோபத்தில் பிடிபட்ட துடிப்பு

எனக்கு வந்தது வியாதியே இல்லை என்று சிட்லபாக்கத்தில் பாதிப்பேர் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. திடீரென்று நெஞ்சு தறிகெட்டுப் படபடக்கும், கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு தானே அடங்கிவிடும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்தால் கோடு சமர்த்தாக ஓடும். "நார்மல் மேடம்." ஒருவர் கேஸ் டிரபிள் என்றார், ஒருவர் வயசு என்றார். கடைசியாகப் பார்த்த டாக்டர் என்னை விட்டுவிட்டு என் கணவரிடம், "மேடம் கொஞ்சம் டென்ஷன் பார்ட்டி போல. கோபத்தைக் குறைச்சாலே சரியாயிடும்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் எனக்குப் பிறவியிலேயே உண்டு, இந்தத் துடிப்பு போன வருஷம் வந்தது. இரண்டும் ஒன்றென்றால் எப்படி? நான் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இந்தக் கணக்கு எனக்கு உதைத்தது. ஆனால் பேச்சு பள்ளி வரைக்கும் போய்விட்டது. தலைமை ஆசிரியை தேன் குரலில், "வீட்ல ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். மனசு சரியில்லாதவள் என்ற பெயரோடு வேலையை விட்டு வெளியே போக வேண்டுமா? செத்தாலும் மாட்டேன் என்று இருந்தேன்.

அப்புறம் போன இடம் தாம்பரம். அங்கே ஓர் இளம் டாக்டர், இதயத் துடிப்புக் கோளாறுகளை மட்டுமே பார்ப்பவர், முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஈசிஜி நார்மல்னா அது எடுத்த நேரத்துல நார்மல், அவ்ளோதான் மேடம். துடிப்பு வரும்போது எடுத்துட்டா, எந்த இடத்துலேர்ந்து கிளம்புதுன்னே சொல்லிடலாம்."

டிரெட்மில்லில் ஓடவிட்டார். நாக்கு தள்ளியதே தவிர அது வரவில்லை. ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்ன மெஷின் ஒன்றை மாட்டிக்கொண்டு அலைந்தேன். அன்றைக்கென்று வரவில்லை.

"சாதாரணமா எப்ப வரும்?" என்று கேட்டார்.

"கோபம் வந்தா."

"யார் மேல அதிகமா கோபம் வரும்?"

என் கணவர் ஜன்னலைப் பார்த்தார். "மீன்காரக்கா மேல" என்றேன். உண்மைதான். முதல் தடவை வந்ததே வீட்டு கேட்டில் அவரோடு பேரம் பேசும்போதுதான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் அக்காவின் வியாபாரம் முடிந்ததும் என் கணவர் அவரை வண்டியில் ஏற்றி வந்தார். நெஞ்சிலும் கைகாலிலும் ஒயர் மாட்டிக்கொண்டு படுத்திருந்த என்னைப் பார்த்து அக்கா பதறிப்போனார். "இன்னாம்மா இது, இத்தினி ஒயரு!"

"அக்கா, சண்டை போடுங்க."

"போம்மா! படுத்துகினு கீற பொம்பளையாண்ட இன்னாத்துக்கு நான் சண்ட போடணும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பாசம். என் நெஞ்சோ சுகமாக அடித்தது. போச்சு, இதுவும் வீண் என்று நினைத்தேன்.

அப்போது அக்கா குரலைத் தாழ்த்தினார். "எம்மா, ஒன்னு சொல்ட்டுமா? ரொம்ப நாளா மனசுல கீது. உங்க அண்ணன் வூட்டுக்காரங்க வந்தப்ப வஞ்சிரம் குடுத்தேனே, அது ஐஸ் மீனும்மா. நீ செவுளைத் தூக்கிப் பார்த்துட்டு, ஃப்ரெஷ்ஷுன்ன. நான் வாயத் தொறக்கல."

ஐஸ் மீனா! நல்ல மீன் வாங்குவது எப்படி என்று அன்றைக்குச் சாப்பாடு முடியும் வரை அண்ணிக்கு வகுப்பெடுத்தவள் நான்! "அக்கா! எனக்கேவா?" என்று எழப் பார்த்தேன். நெஞ்சு தறிகெட்டது.

"வந்துடுச்சு! அசையாதீங்க!" என்று டாக்டர் கத்தினார். மெஷின் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கண் இருட்டும்போதும் நான் "எத்தனை நாள் ஐஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேனாம். அக்கா பயந்து அழுதுவிட்டார்.

அடங்கியதும் டாக்டர் காகிதத்தை என் முன்னால் விரித்தார். பன்னிரண்டு கோடுகள், ஒவ்வொன்றும் இதயத்தை ஒவ்வொரு பக்கமிருந்து பார்க்கிறது. எங்கள் அடுக்குமாடியில் குக்கர் விசில் அடித்தால், எந்த ஜன்னலில் பலமாகக் கேட்கிறது என்பதை வைத்து யார் வீடு என்று சொல்லிவிடுவோமே, அதே கதைதான். தன்னை நோக்கித் துடிப்பு வந்தால் கோடு மேலே எழும்புமாம்; கீழிருந்து பார்க்கும் கோடுகள் எல்லாம் அப்படித்தான் எழும்பியிருந்தன. அப்படியென்றால் துடிப்பு மேலேயிருந்து கீழே வருகிறது. நெஞ்சுக் கோடுகளைப் பார்த்தால் வலது பக்கம். இதயப் படம் ஒன்றில், வலது கீழறையின் உச்சியில், நுரையீரலுக்கு ரத்தம் கிளம்பும் வாசலில் ஒரு புள்ளி வைத்தார். "இங்கேதான்."

"அப்போ மனசு இல்லையா டாக்டர்?" என்றார் என் கணவர்.

"மனசு இல்ல சார். இந்த இடம்."

ஒரு வருஷமாக அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் விக்கி விக்கி அழுதேன்.

அடுத்த மாதம் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயரை இதயத்துக்குள் விட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தாலும் நான் விழித்துத்தான் இருந்தேன். காகிதத்தைப் பார்த்துப் புள்ளி வைத்த அதே இடத்தில்தான் அந்தக் கள்ளத்துடிப்பு உட்கார்ந்திருந்தது. ஒயர் நுனியால் அதற்குச் சூடு வைத்தார்கள்.

"இப்ப மருந்து குடுத்து இதயத்தை வேகமாக்கி, மறுபடி வருதான்னு பார்ப்போம்" என்றார் டாக்டர். "நீங்களும் கொஞ்சம் கோபப்படுங்க மேடம்."

கரும்பு தின்னக் கூலியா! கேஸ் என்றவர், வயசு என்றவர், தூக்க மாத்திரைக்காரர், ரெஸ்ட் எடுக்கச் சொன்னவர், ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்தி வைத்துக் கேட்டேன். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இதயம் ஓடியது, வேகமாக, ஆனால் ஒழுங்காக. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்.

"போயிடுச்சு மேடம்."

"கோபம் போகல டாக்டர்" என்றேன்.

"அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. அதை நீங்களே வெச்சுக்குங்க."