மறுஒலிபரப்பு இல்லாத இருபது வருடம்

மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலை அவளுக்கு. எட்டு மணி நேரம் நோயாளிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினால், இணையக் கலைக்களஞ்சியத்தில் கூலியில்லாத இன்னொரு வேலை. எவர் எழுதிய வரிக்காவது ஆதாரம் இல்லையென்றால் பிடித்துக் குடையவேண்டும். ஒன்பது வருடமாக அலுப்புத் தட்டியும் விட்டுத் தொலைக்க மனம் வரவில்லை.

நாளை அதன் முகப்பில் 'உங்களுக்குத் தெரியுமா' பகுதிக்கு ஒரு பழைய வானொலி அறிவியல் நிகழ்ச்சி தேர்வாகியிருந்தது. இருபது வருடம், வாராவாரம், ஒருமுறைகூட மறுஒலிபரப்பு இல்லை என்பதுதான் தகவல். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவளுடைய மாமனார். எத்தனை மணிக்கு வரும் என்று நான்கு நாளாகக் கேட்டுத் துளைக்கிறார்.

சரிபார்த்தவர் 'தராசு' என்ற புனைபெயர்க்காரர். முகம் தெரியாது, பிடிவாதம் மட்டும் தெரியும். "செய்தித்தாள் ஆதாரம் இருக்கிறது, போதும்" என்று அவரே எழுதிவிட்டார். இவள் அந்தச் செய்தியைத் திறந்தாள். வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய வாக்கியம். கலைக்களஞ்சியத்தில் சேர்ந்த புதிதில், மாமனார் வாய்ச்சொல்லை நம்பி ஆதாரமில்லாமல் எழுதியது. எந்த நிருபரோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். இப்போது அவள் வரிக்கு அவள் வரியே சாட்சி.

வாயை மூடிக்கொண்டால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். ஊரார் வரிகளையெல்லாம் வெட்டியவளுக்கு அப்படி இருக்க முடியவில்லை.

"மாமா, மறுஒலிபரப்பே இல்லன்னு சொன்னீங்களே, அதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா?"

"ஒரு தடவ போட்டோம்மா. நாடா அறுந்துபோச்சு. போன வருஷ நாடாவ எடுத்து ஓட்டிட்டேன்."

"யாரும் கேக்கலையா?"

"வேல போயிடும்னு ஒரு வாரம் பயந்துகிட்டே இருந்தேன். ஒரு கடுதாசிகூட வரல. அப்புறம் அதுதான் வலிச்சுது."

அதையாவது எழுதலாமென்றால் அதற்கும் ஆதாரம் கிடையாது. 'செய்தித்தாளுக்கு மூலம் நான் எழுதிய வரிதான். நீக்கிவிடுங்கள்' என்று தராசுக்குத் தட்டினாள். பத்தே நிமிடத்தில் நாளைய முகப்பில் அந்த இடத்தில் ஒரு கடல் நத்தையைப் பற்றிய தகவல் வந்து உட்கார்ந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

"அப்போ நாளைக்கு வராதா?"

"வராது மாமா. மன்னிச்சிடுங்க."

"விடும்மா," என்றார் அவர். "யாரு கவனிக்கப் போறாங்க."